முழு மார்க் வாங்கிய என் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

நீ இருந்திருந்தால் இந்தச் சேதியை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். நேற்று மூவாரில் உன் மரச்சாமான் ஃபேக்டரிக்குப் போனேன். அந்தக் கேட் வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தவள்தான் நான். ஆனால் அழைத்தது அவர்கள். பாதுகாப்பு நாள் கூட்டத்தில் மனவுறுதிக்கு எடுத்துக்காட்டு என்று உன் பெயரில் ஒரு கேடயமாம், தங்கச்சி வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். எனக்கு எப்படி எரிந்திருக்கும்?

தங்காக்கில் நான் வேலை செய்யும் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அழப் போகவில்லை. பழி தீர்க்கப் போனேன்.

பாலனின் கையை ரம்பம் எடுத்துக்கொண்டபோது பக்கத்து மெஷினில் நின்றவன் நீ. அதற்கப்புறம் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுத் தின்னாமல் எழுந்துபோவாய். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் உன் கை நடுங்கும். கம்பெனியே ஒரு கவுன்சலரை வரவழைக்கிறது என்றதும் அம்மா கோயிலுக்குப் போய் தேங்காய் உடைத்தாள்.

நீயோ தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாய். கவுன்சலர் மனவுறுதி டெஸ்ட் கேள்விகளை மலாயில் வாசித்தார். மொழிபெயர்த்து உதவுகிறேன் என்று உன் பக்கத்திலேயே மனிதவள அதிகாரி சேகரன் உட்கார்ந்திருந்தார். கஷ்டம் வந்தால் சீக்கிரம் மீண்டு வருவாயா? "போலே," என்றாய். மனம் உடையாமல் தாங்கிக்கொள்வாயா? "போலே சார்." எல்லாவற்றுக்கும் மலாயில் முடியும், முடியும் என்றே சொல்லிவிட்டு வந்தாய்.

"ஏண்ணே, முடியலன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"பேனாவோட உக்காந்திருக்கிறவங்ககிட்ட முடியாதுன்னு சொன்னா வேல போயிடும்லா," என்றாய்.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆள் பார்க்கும்போது, காய்ச்சலில் கொதித்தாலும் 'போலே' என்று சொல்லிப் பழகிய குடும்பம் நம்முடையது. அவர்கள் உன் மனதை அளக்க வந்தார்கள். நீ அதை வேலைக்கான இன்டர்வியூ என்று நினைத்துக்கொண்டாய்.

முழு மார்க். மனவுறுதி அதிகம், இனிக் கவுன்சலிங் வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். நோட்டீஸ் போர்டில் உன் படத்தை ஒட்டி, கையில் ஒரு ஹேம்பர் கூடையைக் கொடுத்து, திங்கட்கிழமையே ரம்பத்தின் முன்னால் நிறுத்தினார்கள். அந்த ஹேம்பரில் வந்த பிஸ்கட் தீர்வதற்குள் உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய்.

துக்க வீட்டில் சேகரன் சொன்னது: "ரொம்ப ஸ்ட்ரோங்கான ஆளும்மா. டெஸ்ட்லகூட அவர்தான் டாப்பு. ஏன் இப்படிப் பண்ணாருன்னே தெரியல." அன்றே அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். அம்மா என் கையை விடவில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் அம்மாவைப் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸியிடம் இதைச் சொன்னேன். "அலமாக்! கம்பெனி ஆள பக்கத்துல வச்சிக்கிட்டா கேட்டாங்க? தூங்குறாரா, சாப்பிடுறாரான்னு வீட்லயும் விசாரிக்கணும்லா. மார்க் நல்லாருக்குன்னு ஆள விட்டுடக் கூடாது," என்றார். எங்கள் வீட்டுக்கு யார் வந்து விசாரித்தார்கள்?

நேற்று மேடையில் கேடயத்தை நீட்டினார்கள். நான் மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"சேகரன் சார், எங்க அண்ணன்கிட்ட கேட்டத உங்ககிட்ட கேக்கலாமா?"

முன்வரிசையில் தவுக்கே உட்கார்ந்திருந்தார். முதலாளிக்கும் விளங்கட்டும் என்று மலாயிலேயே கேட்டேன். இந்தக் கம்பெனி வேலையில் கஷ்டம் வந்தால் சீக்கிரம் மீண்டு வருவீர்களா? சேகரன் தவுக்கேயைப் பார்த்தார். "போலே," என்றார். மனம் உடையாமல் தாங்கிக்கொள்வீர்களா? மறுபடியும் தவுக்கேயைப் பார்த்தார். "போலே."

"முழு மார்க்கு சார். திங்கக்கெழம எங்க அண்ணன் மெஷின்ல போய் நில்லுங்க."

வேர்த்துக் கொட்டிய அந்த முகத்தைப் பார்க்க என் வயிறு குளிர்ந்தது அண்ணே. பொய் சொல்ல மாட்டேன். நீ இருந்திருந்தால், "விடுலா, பாவம்," என்றிருப்பாயோ?

பாவமா? கீழே இறங்கியதும் சேகரன் என் பின்னாலேயே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "அன்னைக்கு டெஸ்ட்ல அவரு கை நடுங்குனத பாத்தேம்மா. எனக்கும் வேல இருக்கே, நான் எப்படிச் சொல்றது?" தெரிந்தே உன்னை ரம்பத்துக்கு அனுப்பியிருக்கிறார். கொஞ்ச நேரம் குளிர்ந்த வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது.

தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்துவிட்டேன். பாலன் சாட்சிக்கு வருகிறேன் என்கிறான். என் காதில் சொன்னதைச் சேகரன் அங்கே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அப்புறம் நம் வீட்டுக்கு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, "உங்க மகனால முடியல, எனக்கு அது தெரியும்," என்று சொல்ல வேண்டும். சொல்லவைக்கும்வரை நான் விடப்போவதில்லை. சொன்ன பிறகும் மன்னிக்கப்போவதில்லை. நீ வேண்டுமானால் மன்னித்துக்கொள்.

உனக்கும் சேர்த்துக் கோபப்படும்,
உன் தங்கச்சி சாந்தி