எறும்பு வரவில்லை என்று எழுதினீர்களே

மணமேல்குடி,
1938 மார்ச்.

பினாங்கில் இருக்கும் என் மச்சானுக்கு உங்கள் மனைவி ஜொஹரா பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் கிருபையில் சுகம். எனக்குத்தான் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

சர்க்கரை வியாதி விட்டுவிட்டது, இப்போதெல்லாம் மூத்திரத்தில் எறும்பு மொய்ப்பதில்லை, லேகியம் கேட்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டதும் மாமி அன்றைக்கே பாத்திஹா ஓதச் சொல்லி, தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். கூடவே வந்த போட்டோவைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பினாங்குத் தண்ணி எம் மவனுக்கு ஒத்துக்கிருச்சு, மொகம் எப்புடிப் பூரிச்சிருக்கு பாருங்க என்று மாமிக்கு ஒரே பெருமை.

நானும் சிரித்துவைத்தேன். பிறகு தனியாக எடுத்துப் பார்த்தேன். மச்சான், அது சதை இல்லை. கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. செருப்பு வாரை அவிழ்த்துவிட்டு நிற்கிறீர்கள். போட்டோக்காரன் முன்னால் அப்படி நிற்கிற மனிதரா நீங்கள்? சட்டைப் பித்தான் ஒன்று அறுந்தாலே வீட்டை இரண்டாக்குகிறவர்!

போன வருஷம் என் வாப்பா மவுத்தான விவரம் உங்களுக்கு முழுதாகத் தெரியாது. கடல் தாண்டி இருப்பவரை ஏன் கலக்க வேண்டும் என்று மாமி எழுத விடவில்லை. வாப்பாவுக்கும் இப்படித்தான் எறும்பு நின்றது. கொல்லையில் நாங்களே போய்ப் பார்த்து, குணமாகிவிட்டது என்று பத்தியத்தை விட்டோம். மூத்திரம் நுரைத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதம் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தபடியே நின்றபோதுதான் அறந்தாங்கியில் டாக்டர் கண்ணுசாமியிடம் வண்டி கட்டிக்கொண்டு போனோம். அவர் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்குச் சூட்டில் காட்டினார். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டது.

ஆட்டில் பார்க்கிறோமே குண்டிக்காய், மனுஷருக்கும் அதுதான் இரத்தத்தைச் சலிக்கிறது என்றார். வருஷக்கணக்காகச் சர்க்கரை ஏறி அந்தச் சல்லடையைக் கெடுத்துவிட்டதாம். உடம்பில் தங்க வேண்டிய சத்து ஒழுகிப் போகிறது, போக வேண்டிய கழிவு உள்ளே தங்குகிறது. சர்க்கரையும் வெளியேறாமல் இரத்தத்திலேயே நிற்கிறது, அதனால்தான் எறும்பு வரவில்லை என்றார். கெட்டுப்போனதப் பாத்து நல்லாயிருச்சுன்னு நெனச்சுட்டீங்களேம்மா என்று வருத்தப்பட்டார். முன்னமே வந்திருந்தால் உப்பைக் குறைத்து, ஊசி போட்டு, கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்திருக்கலாமாம். நோன்புப் பெருநாளுக்கு வாப்பா இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கடையைப் பூட்டிவிட்டு அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்க்கச் சொல்லுங்கள். லேகியத்தைத் தூக்கி எறியுங்கள். நான் எழுதுவது மாமிக்குத் தெரியாது. அவர் இன்னும் அந்தப் போட்டோவை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

வெள்ளை திரளாவிட்டால், பைத்தியக்காரி என்று என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதுங்கள். அந்தத் திட்டுக்காகவே தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருப்பேன். திரண்டால் எழுத உட்காராதீர்கள். கடிதம் வர வேண்டிய கப்பலில் நீங்களே வந்துவிடுங்கள்.

ஆண்டவன் உங்களை என் கண்ணில் காட்டட்டும்.

உங்கள்
ஜொஹரா