ஒன்று என்றால் முதல் ரேங்க் இல்லையாம்

அன்பு மகள் தமிழ்மதிக்கு, எரியோட்டிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அந்தக் குளிர் ஊரில் உன் இருமல் விட்டது என்று தெரிந்தால்தான் அது முழுச் சுகம். போனில் வாயெடுத்தாலே மாமா நாவலுக்கு எழுதினதை அழிச்சுடுறேம்மா என்று அழுதுகொண்டே வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

தப்பு உன் மேல் இல்லை, என் வாய் மேல். படித்த புத்தகத்துக்கெல்லாம் நீ இன்டர்நெட்டில் அஞ்சுக்கு இத்தனை என்று நட்சத்திரம் போட்டு எழுதுவதை நான் ஒன்று விடாமல் படிக்கிறவள், அந்தக் கப்பல்காரன் கதைக்கு நீ நாலு போட்டது எனக்கு இன்னும் சம்மதமில்லை, அது மூன்றுக்கு மேல் தாங்காது. ஆனால் நல்லுசாமி மாமா நாவலுக்கு நீ எழுதிய வாரம் என் கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்தது. உன் அப்பா போனைப் பார்த்து, நம்ம பிள்ளை மச்சானுக்கு ஒண்ணு போட்டுருக்கா என்றார். நட்சத்திரக் கணக்கு அந்த நேரம் நினைவுக்கே வரவில்லை, நீ பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டு கொண்டுவந்த நாளிலிருந்து ஒன்று என்றால் எனக்கு முதலிடம்தானே! வடமதுரையில் மாமா மகன் பிரபுவின் மகளுக்குக் காதுகுத்து, பந்தி நடுவில் நின்று என் தம்பி புத்தகத்துக்கு என் மகள் ஒன்றாம் நம்பர் குடுத்திருக்கிறாள் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். மாமாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை, பிரபுவைக் கூப்பிட்டு நீ எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். கதாநாயகன் தப்பே செய்யமாட்டான், ஊரே அவனைக் கும்பிடும், அவன் பெண்டாட்டி காபி கொண்டுவருவதைத் தவிர வாயே திறக்கமாட்டாள் என்று அவன் படிக்கப் படிக்க மாமா பாதி இலையில் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு உனக்குப் போன் போட்டு ஏசியதும் அதனால்தான்.

அப்புறம்தான் அந்த நாவலை எடுத்தேன். தம்பி எழுதியதாச்சே என்று மஞ்சள் குங்குமம் வைத்து அலமாரியில் வைத்திருந்தேனே தவிர அதுவரை பிரித்துப் பார்க்கவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. படித்தால் நீ சொன்ன அத்தனையும் சரிதான். கிணறு வற்றின வருஷம் மாட்டை விற்றுவிட்டு வெறுங்கயிற்றோடு வீடு திரும்புகிற இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன், அதை நீ கண்டுகொள்ளாமல் விட்டது குறைதான், பட்டணத்துப் பிள்ளை ஆகிவிட்டாய்.

போன ஞாயிறு மாமாவும் அத்தையும் திடீரென்று வந்து நின்றார்கள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். மாமா காபித் தம்ளரை உருட்டிக்கொண்டே, அக்கா, அம்புட்டுப் பேரும் அஞ்சு போட்டாய்ங்க, கேட்டுப் பாத்தா ஒருத்தனும் பாதி தாண்டல, ஒண்ணு போட்டவதேன் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கா என்றார். அத்தை உடனே, நான் சொல்ல நெனச்சதத்தேன் அவ சொல்லிருக்கா, அடுத்த கதையிலயாச்சும் அந்தப் பொம்பளைய செத்த நேரம் பேச விடுங்க என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம். புதிதாக எழுதுகிறாராம், தமிழு பாக்காம அச்சுக்குப் போகாது என்று சொல்லி எழுதினவரைக்கும் கொடுத்துவிட்டுப் போனார், முருங்கைக்கீரைப் பொடியோடு இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. பெற்ற வயிறு குளிர்ந்துபோச்சுடி. உறவுக்காகப் பொய் சொல்லாத பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன், அதை அவரே ஒத்துக்கொண்டு போயிருக்கிறார்.

கிளம்பும்போது வாசலில் நின்று, நீ எத்தன போடுவக்கா என்று கேட்டார். ரெண்டு என்றேன். மகளை விட ஒண்ணு கூடவா என்று கண்ணெல்லாம் மலர்ந்துவிட்டது. புத்தகத்துக்கு ஒண்ணு, எங்கூடப் பெறந்ததுக்கு ஒண்ணு என்று சொல்லி அனுப்பினேன்.

வேளைக்குச் சாப்பிடு, தொண்டைக்கு மிளகு ரசம் வை. தீர்க்காயுசாக, தலை நிமிர்ந்து இரு. எழுதினதை அழிக்காதே. அடுத்ததற்கும் மாமா முகம் பார்த்து எதையும் கூட்டிப் போடாதே, கூட்டிப் போட நான் இருக்கிறேன்.

உன் அம்மா,
ஆனந்தி