தெர்மகோல் பருந்தும் தாத்தா திவசமும்

தாழக்குடி,
ஆவணி 3

அன்பு மகள் ஆதிராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, புத்தியில் உள்ள குறையைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீ அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி சுகமாக இருக்க மண்டைக்காட்டு அம்மன் துணை நிற்கட்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், வீடியோ என்றால் என் முகத்தைத் தள்ளிவிட்டு, தான் கட்டுகிற பொம்மை விமானத்தின் வாலைக் காட்டுகிறார். நீயோ பிரபின் பேச்சை எடுத்தாலே, விடும்மா அது முடிஞ்ச கதை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற ஜினிஷாவிடம் இதைக் கொடுத்து, உன் கையில் தந்து நீ வாசித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே வீட்டில் உன்னோடு இருக்கிறவள் என்பதால் அவளுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது. தாத்தா திவசத்தில் காக்கை சோறு எடுக்கவில்லை, அதனால் தாத்தாவுக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதம் இல்லை, அவரை மீறி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று பிரபினிடம் சொல்லிவிட்டாயாம், பிறகு ராத்திரியெல்லாம் அழுதாயாம். அடி பைத்தியக்காரி. அன்றைக்குக் காக்கை ஏன் வரவில்லை என்று உன் அப்பா உன்னிடம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

நீ போன தடவை வந்திருந்தபோது அவர் யூட்யூபில் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தார், இப்போது நோய் முற்றிவிட்டது. மின்வாரிய ஆபீசில் இருந்த காலம் முழுக்க வீட்டில் ஒரு பியூஸ் போனால் ஆளைக் கூப்பிடு என்று சொன்ன மனிதர், பென்ஷன் வந்ததும் விமானம் கட்டுகிறார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம். மோட்டார், பேட்டரி, ரிமோட் இவை மட்டும்தான் கடைச் சரக்கு, மற்றதெல்லாம் வீட்டில் தூக்கிப் போடுகிற பொருள் என்று ஊரெல்லாம் பெருமை அடிக்கிறார். எது தூக்கிப் போடுகிற பொருள் என்று முடிவு செய்வது அவர். என் குடையைப் பிரித்துக் கம்பியை இறக்கைக்குள் வைத்தார், அது நல்ல குடை. என் மூட்டுவலித் தைலத்தின் மூடி சக்கரமானது. இஸ்திரிப் பெட்டியின் சுருள்கம்பியைப் பிடுங்கி, அதைச் சூடாக்கித் தெர்மகோல் அறுக்கிறார். அந்தத் தெர்மகோலும் மணவாளக்குறிச்சியிலிருந்து மீன் வந்த பெட்டி, எத்தனை முறை கழுவினாலும் சாளை நாற்றம் போகவில்லை, ஒரு சைவ வீட்டில் பூஜை அறைக்கு அடுத்த அறையில் அதை அடுக்கி வைத்திருக்கிறார். எதிர்வீட்டுப் பூனை இப்போது நம் நடையிலேதான் குடியிருக்கிறது.

முதல் விமானத்தின் இறக்கையில் ஒட்டியது தெரு முக்கில் கிழிந்து கிடந்த கண்ணீர் அஞ்சலி பேனர். அது பறந்தபோது கீழிருந்து பார்த்தால் செத்துப்போன மளிகைக் கடைக்காரரின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தது. அவர் பெண்டாட்டி வரப்பில் நின்று அதைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் படுத்துவிட்டாள். உன் அப்பா வருத்தப்பட்டார் என்றா நினைக்கிறாய், பேனர் கனம் கூடுதல், அடுத்ததுக்குப் பால் கவர் ஒட்டணும் என்றார். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து இந்த மாதங்களில் அடிக்கிற காற்று உனக்குத் தெரியும், தெருவில் நடக்கிற ஆளையே தள்ளும், இந்தப் பால் கவர் எங்கே நிற்கும். பாதி நாள் யாராவது ஒருவருடைய தென்னையில் போய்ச் சொருகிக்கொள்ளும். தேங்காய் பறிக்க வருகிற முருகதாஸ் இப்போது தேங்காயை விட விமானம்தான் அதிகம் பறிக்கிறான். ஒரு நாள் மூக்கு கனம் போதவில்லை, வால் கனத்தால் கவிழ்ந்துவிடும் என்று எதையோ உள்ளே வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். வயலில் விழுந்து உடைந்ததும் எடுத்துப் பார்க்கிறேன், உன் கல்யாணத்துக்காக மண்டைக்காட்டு அம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காணிக்கைக் காசு. முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. கேட்டதற்கு, "காசு எங்கயும் போவலியே ஏட்டி, பறந்துட்டு திரும்பி வந்துட்டுல்லா" என்றார். 

இனிதான் விஷயம். நம் தென்னையிலும் மாவிலும் காக்கைகள் கூடு வைத்திருந்தன, குஞ்சுகள் பறக்கப் பழகுகிற சமயத்தில்தான் இவரும் பறக்கவிடப் பழகினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, சும்மா விடுமா, கூட்டமாக வந்து கொத்தி இறக்கையைக் கிழித்துப் போட்டன. வேறு ஆளாக இருந்தால் வேறு இடம் பார்த்துப் போயிருப்பான், இவர் காக்கையோடு சண்டைக்கு நின்றார். செம்பருந்து மாதிரி ஒன்றைக் கட்டினார். ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டை உடம்புக்குப் பூசி, தலையை வெள்ளையாக விட்டு, வாலை விசிறி போல வெட்டினார். பொய் சொல்லக் கூடாது, தூரத்தில் பார்த்தால் பருந்தேதான். உயரத்துக்குப் போனதும் மோட்டாரை நிறுத்திக் காற்றில் வட்டமடிக்க விடுவார், கீழத்தெருப் பெண்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உன் விஷயம் பேச நாகர்கோவிலிலிருந்து வந்த பெரியப்பா காரை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, ரோட்டில் நின்று கும்பிட்டார். உன் அப்பா ரிமோட்டோடு மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், அது பொம்மை என்று அண்ணனிடம் சொல்லும் தைரியம் அன்றைக்கும் இல்லை. காலையும் மாலையும் தலைக்குமேல் பருந்து சுற்றினால் காக்கை இருக்குமா, ஒரு வாரத்தில் எல்லாம் மீன் சந்தைப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டன. முற்றத்தில் காவல் இல்லாமல் வற்றல் காயப்போட முடிந்தது, இந்தக் கூத்தில் எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

அன்றைக்கு வந்த பெரியப்பா உன் அப்பாவிடம், "அப்பா திவசத்தன்னைக்கு எலையில சோறு வச்சு இந்த விஷயத்தச் சொல்லுவோம்டே. காக்கா எடுத்தா அவருக்கு சம்மதம். எடுக்கல்லேன்னா இந்தப் பேச்சு நம்ம குடும்பத்துல வேண்டாம்" என்றாராம். பிரபின் வீட்டார் நெய்யூர்க்காரர்கள், வேறு ஆட்கள், நம் கோயிலுக்கு வராமல் நிழல்தாங்கலில் போய்க் கும்பிடுகிற அய்யாவழிக் குடும்பம் என்பதுதான் அவர் மனதில் இருக்கிற முள். அதைத் தன் வாயால் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, செத்துப்போன தகப்பனார் வாயால் சொல்லவைக்கப் பார்த்தார். உன் அப்பா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருக்கிறார். இருந்த காக்கையை எல்லாம் விரட்டியது நாம்தானே, எது வந்து எடுக்கும் என்று அந்தத் தலைக்குள் ஏறவில்லை. என்னிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னதே திவசத்தன்று காலையில், நான் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது.

மதில்மேல் இலை போட்டு சோறு, பருப்பு, எரிசேரி, அவியல், வடை, பாயசம் எல்லாம் வைத்தாயிற்று. பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, "அப்பா, ஒம்ம பேத்தி காரியமாக்கும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு கா கா என்று கூப்பிட்டார். வரவில்லை. உன் அப்பா கூப்பிட்டார், விரட்டினவரே கூப்பிட்டால் எது வரும். அவர் முகத்தைப் பார்த்தேன், அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாயசத்தில் எறும்பு ஏறியது. சர்க்கரை வியாதிக்காரரான பெரியப்பா பசி தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடே வள்ளிநாயகம், அப்பா மொகத்தத் திருப்பிக்கிட்டாரு" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும், அண்ணா காக்காவ வெரட்டினது நானாக்கும் என்று. போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்திவைத்து, காற்று எப்படி இறக்கையைத் தூக்குகிறது என்று பேசிப் பேசித் தொண்டை கட்டுகிற மனிதர், வாயைத் திறக்காமல் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய் அந்தப் பருந்தைத் தூக்கி வந்து பெரியப்பா முன்னால் வைத்தேன். "அத்தான், நீங்க செருப்பக் கழத்திக் கும்பிட்ட கருடன் இதாக்கும். காக்கா இதுக்குப் பயந்துதான் வரல்ல" என்றேன். அவர் அதன் வயிற்றில் இருந்த பால் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் சிறுத்துப் போயிற்று. ஆனாலும் ஒத்துக்கொள்வாரா, மனுசன் பொம்மைக்கு ஏமாறலாம், பித்ருக்கள் ஏமாறுவார்களா என்று கேட்டார்.

சரி என்று இலையை அப்படியே தூக்கிக்கொண்டு சந்தை முக்குக்கு நடந்தேன், இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். தரையில் வைத்துவிட்டு நான் நிமிரவில்லை, அத்தனை காக்கையும் இறங்கிவிட்டது. நீ பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் தோசை போடுவாயே, தாத்தா தாத்தா என்று கூப்பிட்டு, அந்தக் காக்கையின் வம்சமாகத்தான் இருக்கும், ஒன்று தைரியமாகக் காலடியில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பெரியப்பா பார்த்துக்கொண்டுதான் நின்றார். "மீன் சந்தைக் காக்கா நம்ம அப்பா ஆவுமா, நாம சைவம்லா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். வருடா வருடம் நம் மதிலில் வடை தின்ற காக்கை மற்ற நாளெல்லாம் எங்கே போய் என்ன தின்றது என்று நினைத்தாரோ. சாப்பிடாமலேயே போனார், அத்தனை சமையலும் மிஞ்சியது, முருகதாஸ் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அன்று சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து உன் அப்பா உனக்குப் போன் செய்து, காக்கை வரவில்லை, பெரியப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று பாதிக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறார். ஜினிஷா சொன்ன பிறகு, மகளிடம் ஏன் முழுதும் சொல்லவில்லை என்று பிடித்தேன். "நான்தான் வெரட்டினேன்னு எப்பிடிட்டி சொல்லுவேன், மவ என்னப் பத்தி என்ன நெனப்பா" என்கிறார். பார்த்துக்கொள். மகள் வாழ்க்கை போனாலும் போகட்டும், மகள் கண்ணில் தன் மதிப்பு இறங்கக் கூடாது. பிரபினை அவருக்குப் பிடிக்காது என்றால்கூட மனது ஆறும். அவர் போனில் மணிக்கணக்காகச் சிரித்துப் பேசுகிற ஒரே ஆள் அந்தப் பையன்தான். பிடித்த ஒருவனுக்காகவும் வாய் திறக்கவில்லை, அதுதான் கேவலம். இப்போது என்ன செய்கிறார் தெரியுமா, போன காக்கையைத் திரும்ப வரவழைக்க, காக்கை மாதிரி ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். கறுப்புக் குப்பைப் பை வாங்கி வரச் சொல்கிறார். நான் வாங்கித் தரவில்லை.

அவரை விடு, அவர் அப்படித்தான். நீ எப்படி இப்படி ஆனாய். ஆஸ்பத்திரியில் நின்றுபோன நெஞ்சை அமுக்கி அமுக்கி உயிரைத் திருப்பிக் கொண்டுவருகிற வேலை பார்க்கிறவள், தாழக்குடியில் ஒரு காக்கை வடை எடுக்கவில்லை என்று ஒருவனைக் கைவிட்டாய். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டாயா. என்னிடம் கேட்டாயா. உனக்கு ஆபரேஷன் ஆனபோது நான் விசா கிடைக்காமல் இங்கே தரையில் கிடந்து உருண்டேன், அங்கே உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, தலை சீவிவிட்டு, எனக்குத் தினமும் போன் செய்து அம்மா இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டா என்று சொன்னவன் அவன். அன்றே எனக்கு அவன் மகனாகிவிட்டான். உன் தாத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, பெரியப்பாவுக்கும் தெரியாது. எனக்குச் சம்மதம், அதை எழுதியே தருகிறேன். உன் அப்பாவுக்கும் சம்மதம், அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். பெரியப்பா வராவிட்டால் பந்தியில் ஒரு இலை மிச்சம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நீ அவன் வேண்டாம் என்றால் வேண்டாம், நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் காக்கைமேல் பழி போடாதே, தாத்தாமேல் போடாதே, உன் அப்பாவின் தெர்மகோல்மேலும் போடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா என்று உன் வாயால் சொல், கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் முன்னால் ஒரு வரி சொல்ல வராத மனிதரோடு ஒரு ஆயுள் குடும்பம் நடத்திவிட்டேன், அது என் தலையெழுத்து. அப்படியே ஒருத்தியைப் பெற்றும் வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது மக்கா.

வாசித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே, அப்பாவுக்கும் செய்யாதே. முதலில் பிரபினுக்குச் செய். அவன் கோபத்தில் எடுக்காவிட்டால் அவன் வீட்டு வாசலில் போய் நில், அதில் ஒரு மானக்கேடும் இல்லை. நீ நன்றாக இருப்பாய், நினைத்தவனோடு நிறைந்து வாழ்வாய், பெற்ற வயிறு சொல்கிறது.

உன்னைப் பெற்றவள்,
பகவதி