குந்தி மீன் விற்பவர்களுக்கும் ஒரு மருந்து

செங்கல்பட்டு

அன்புள்ள அம்மா,

சதுரங்கப்பட்டினத்துப் பெண்களை மருந்து ஆய்விலிருந்து இன்னும் நீக்கவில்லை. நெறிமுறைக் குழுவின் செயலரே நேற்று தொலைபேசியில் சொன்னார். அதன் பிறகுதான் எழுத உட்கார மனம் வந்தது. உங்கள் முட்டுவலி குறைந்ததா?

அரிப்புக்கும் வெள்ளைப்படுதலுக்கும் யோனிக்குள் செலுத்தும் ஜெல் ஒன்றைச் செய்கிறோம் என்று சொன்னேன் அல்லவா? அங்கே மீன் விற்கும் பெண்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பலர் பாதியில் விட்டுவிட்டார்கள். 'இவர்களிடம் ஒழுங்கில்லை, வேறு ஆட்களை எடுப்போம்' என்று எங்கள் ஆய்வகத் தலைவர் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிவிட்டார். ஏன் விட்டார்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

நான் போய்க் கேட்டேன். சம்பூர்ணம் அக்கா மீனை வெட்டிக்கொண்டே சொன்னார்: "ராத்திரி வெச்சிக்கினு படுத்தா நல்லாத்தான் கீது. காலைல குந்திக்கினு மீன் வித்தா வழிஞ்சி புடவை நனையுது. வர்றவன் போறவன்லாம் பாக்கறான். உங்க சார் ஒருநாள் புடவை கட்டிக்கினு வந்து குந்தட்டும்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெல் வழிகிறதா என்று ஆய்வகத்தில் சோதித்தது, படுக்கவைத்த கண்ணாடிக் குழாயில்.

படுத்தே கிடக்க முடிந்தவளுக்கு மட்டும் கேட்கும் மருந்து என்ன மருந்து? சரியில்லாதது ஜெல்தான், அதைக் கெட்டியாக்கி இதே பெண்களுக்குக் கொடுப்போம் என்று தலைவரிடம் சொன்னேன், குழுவுக்கும் எழுதினேன். வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

நார்த்தங்காய் ஊறுகாயும் அப்பாவின் பழைய போர்வையும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அதிக நேரம் பேசுங்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

கெட்டியான ஜெல்லோடு அதே பெண்களைத் தொடரலாமா என்று குழு வியாழக்கிழமை கூடி முடிவு செய்யும். அதுவரை அவர்கள் அரிப்போடுதான் மீன் விற்க வேண்டும்.

பிரதீபா