ஆர்டர் மாத்தியாச்சு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒத்திகைக்குப் போனால் என் கிட்டார் பெடல்கள், காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெட்டிகள், இடம் மாறிக் கிடந்தன. வயர்களும் உருவிக் கிடந்தன. நேரமாகிவிட்டதே என்று இருந்த வரிசையிலேயே மாட்டித் தொலைத்தேன். நான் வைப்பது முதலில் ட்யூனர், அடுத்து டிஸ்டார்ஷன், அப்புறம் டிலே. சத்தத்தைக் கரகரப்பாக்கிவிட்டுத்தான் எதிரொலிக்கு அனுப்ப வேண்டும். இன்று டிலே முன்னால் உட்கார்ந்துவிட்டது. எதிரொலி மொத்தமும் கரகரத்து ஒரே கொழகொழ.

எங்கள் குழுவை நடத்தும் ராஜபாண்டியன் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏலே ஆசிப்பு, தண்ணிக்குள்ள இருந்து வாசிக்கியா?"

முதலில் சிரித்தது ஜெயச்சந்திரன்.

ஆகஸ்ட் 13

ஒத்திகை நடப்பதே சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் ஜெயச்சந்திரன் வீட்டு மாடியில்தான். என் பெடல்களும் அங்கேயேதான் கிடக்கும். வத்தல் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் விருதுநகரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பான். வேறு யார் தொடப் போகிறார்கள்? பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தவன். சே, இருக்காது. ஆனாலும்—

ஆகஸ்ட் 19

செப்டம்பர் பதினாலு, பருப்பு மில்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. விருதுநகரே வரும். நடுவில் ஒருவர் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். கிட்டாரா, கீபோர்டா என்று அண்ணன் இன்னும் சொல்லவில்லை.

இப்போது விளங்குகிறது.

ஆகஸ்ட் 24

மறுபடியும்! பெரிய டிலே முன்னால், குட்டி ட்யூனர் கடைசியில். "நீ தொட்டியாலே?" என்று ஜெயச்சந்திரனிடம் கேட்டேன். "ஒன் பெட்டிய நான் எதுக்குலே தொடப் போறேன்?" என்றான், போனைப் பார்த்துக்கொண்டே. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே?

ஆகஸ்ட் 28

மாடிப்படி ஏறும்போது ஜெயச்சந்திரன் பேசுவது காதில் விழுந்தது. போனில் யாரிடமோ, "ஆர்டர் மாத்தியாச்சு. இப்பச் சொல்லாத, தெரிஞ்சா குதிப்பான்." என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டான்.

யா அல்லா, இதுக்கு மேல என்ன வேணும் எனக்கு?

ஆகஸ்ட் 30

கேட்டுட்டேன். எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். "திருட்டுத்தனமா மாத்தி வைக்கியே, வெக்கமா இல்ல?" அவன் இருந்தால் நான் வரமாட்டேன் என்று அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

ஜெயச்சந்திரன் கீபோர்டுக்கு உறையைப் போட்டான். "நானே வெலகிக்கிடுதேண்ணே" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். குற்றமில்லாதவன் சும்மா போவானா?

செப்டம்பர் 2

தனி வாசிப்பு எனக்குத்தான். இனி ஒத்திகை அண்ணன் வீட்டில்.

செப்டம்பர் 4

பெடல்களை எடுக்க நாரணாபுரம் போனேன். ஜெயச்சந்திரன் இல்லை. அவன் அம்மா முத்துப்பேச்சி அத்தை மட்டும் இருந்தார். வெடி கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் அடுக்குகிறவர். தீபாவளி சீசன், கையெல்லாம் பசை. "வாய்யா" என்று மாடிக்குக் கூட்டிப் போனார். பெடல்கள் பளபளவென்று துடைத்து வரிசையாக இருந்தன. பெரிய டிலே முன்னால்.

"மாடியக் கூட்டிப் பெருக்கையில வயரையெல்லாம் உருவிப்புடுவேன்யா. ஒண்ணோட ஒண்ணு சேந்து கெடந்தா சரவெடி கணக்கா, பாத்தாலே பக்குங்கும். பெறகு பெருசு மொதல்ல, சிறுசு கடைசில, எங்க கம்பெனிப் பெட்டில அடுக்குறாப்புல. அளகா இருக்குல்ல?"

"அளகா இருக்கு அத்தை."

வேறென்ன சொல்ல? பெடல்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

செப்டம்பர் 5

அவன் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போனேன். அன்று போனில் பேசியது காலண்டர் ஆர்டராம். ஒரு பார்ட்டியின் வேலையைப் பின்னால் தள்ளி இன்னொருவருடையதை முன்னால் ஏற்றியிருக்கிறான். அவ்வளவுதான். மடையன், மடையன் நான்.

அத்தை சொன்னதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றான். குழுவுக்குத் திரும்பி வா என்று கெஞ்சினேன்.

"வேண்டாம் மாப்ள. நாளைக்கு இன்னொண்ணு மாறுனாலும் நீ என்னையத்தான் பாப்ப." அச்சடித்த தாள்களை அடுக்கிக்கொண்டே, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத. அவளாலதான்னு தெரிஞ்சா சோறு எறங்காது" என்றான்.

செப்டம்பர் 14

வாசித்தேன். கைதட்டினார்கள்.

செப்டம்பர் 16

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஏன்யா பேசிக்கிடுறதில்ல? தப்பு யாரு மேல?"

"எம் மேலதான் அத்தை."

"பொய் சொல்லாதய்யா. அவன் தம் மேலதாம்னு சொல்லிட்டான்."