கிராஃபீனுக்கு அப்பால் உள்ள நரம்பு

என்னங்க,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கிராஃபீன் படலம் இருப்பதே தெரியவில்லை. பென்சில் கரியை ஒட்டுநாடாவால் உரித்து உரித்து ஓர் அணு கனத்துக்குக் கொண்டுவர நாம் சேர்ந்துதானே கற்றோம்? அதில் எலக்ட்ரான்கள் எடையே இல்லாததுபோல் ஓடும். அதை விழித்திரையில் பதித்தால் ஒளி மின்சேதியாக மாறி, பாப்பாவுக்குப் பார்வை வரும் என்று நம்பித்தான் உங்களை அந்த ஆராய்ச்சிக்காக அவ்வளவு தூரம் அனுப்பினேன்.

இன்று கண் மருத்துவரிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"உங்க வீட்டுக்காரர் செய்யறது அருமையான விஷயம்மா. ஆனா கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பே பட்டுப்போச்சு. சேதிய யாரு எடுத்துட்டுப் போறது?"

"நானும் பிசிக்ஸ் படிச்சவதான் டாக்டர்."

"அதனாலதாம்மா சுத்தி வளைக்காம சொல்றேன்."

படலம் கிழியுமா, ஒட்டுமா என்றே இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். நரம்பைப் பற்றி இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

இனி ராத்திரியெல்லாம் லேபில் கண்விழிக்காதீர்கள். அவசரம் ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள். லீவு கிடைத்தால் ஒருமுறை வந்து போங்கள். அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவள் விரல்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா