ஐந்து தோட்டாக்கள்

லூயிஷாம்,
சனிக்கிழமை

அன்புள்ள ரூபினிக்கு,

நான் சுகம். உமது முதுகுவலியும் மாமியின் இருமலும் எப்படி?

ஒன்று சொல்ல வேண்டும், பயப்படாதேயும். துப்பாக்கி கிளப்பை விட்டுவிட்டேன் என்றது பொய். காகித இலக்கைத்தான் சுடுகிறோம். ஆனால் தோட்டாத் தட்டுப்பாட்டில் விலை இரட்டிப்பாகிவிட்டது. ஒரு பெட்டியை மாதம் முழுக்க இழுத்தேன். இன்று அதுவும் தீர்ந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஜீவரத்தினம் அண்ணை எனக்குப் பக்கத்தில் சுடுபவர். அவர் தன் இலக்கைக் கழற்றப் போன நேரம், அவருடைய பெட்டியிலிருந்து ஐந்து தோட்டாக்களை எடுத்துவிட்டேன்.

ஐந்தும் நடுவில் பட்டன. அண்ணை அந்தக் காகிதத்தை எல்லாருக்கும் காட்டிக் கைதட்டினார். என்னால் தாங்க முடியவில்லை.

“அண்ணை, அது உங்கட தோட்டா.”

“தெரியும் தம்பி. நான் எண்ணித்தானே வைக்கிறனான். கேட்டிருந்தாத் தந்திருப்பன்.”

அவ்வளவுதான் சொன்னார். வெட்கத்தில் குறுகிப்போனேன். இந்த ஊரில் என்னைத் தம்பி என்று கூப்பிடுபவர் அவர் ஒருவர்தான், ரூபினி.

அவருக்குக் கொடுக்கப் பருத்தித்துறைத் தட்டைவடை கொஞ்சம் அனுப்பும், அது நாள்பட்டாலும் பழுதாகாது. எனக்கும் இரண்டு வையும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவர் ஏசவில்லை. நீராவது போன் எடுத்து நன்றாக ஏசும்.

உமது,
லதீசன்